அப்பத்தா வீட்டுக்கு மட்டும்தான் பெட்ரோல் விலை ஏறுதா?

டிஸ்கி: இது யாரையும் தனியா குறிவெச்சு எழுதினது இல்ல. படிக்கும்போது "நம்மளத்தான் சொல்றானோ"ன்னு தோணிச்சுன்னா சந்தேகமே வேண்டாம், உங்களத்தான் :-)

மார்ச் மாசம் பொறந்தா போதும், நம்ம மக்கள் நாலு பேர் கூடுற இடத்துல ஒரே பேச்சு. டிக்கெட் போட்டாச்சா? எந்த ஏர்லைன்? தலைக்கு எத்தனை பெட்டி? இதெல்லாம் முடிஞ்சதும் தவறாம ஒரு வசனம் வரும். "ஊருக்குப் போறோம்ங்க, ஆனா இந்தத் தடவை எங்கயும் அலையறதா இல்ல. பெட்ரோல் விக்கிற விலைல யாரு அவ்ளோ தூரம் போறது? பெரியவங்களக் கொச்சிக்கே வரச் சொல்லிட்டோம். ரெண்டு நாள் ஓட்டல்ல இருந்து பாத்துட்டு, அப்படியே மூணாறு போயிட்டு வந்துடலாம்னு பிளான்."

இந்த வசனத்தைப் பிரிச்சு மேயறதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல என் ஜாதகத்தைச் சொல்லிடறேன். நான் பொறந்து வளர்ந்தது வண்டிப்பெரியார். இடுக்கி மாவட்டம், பீர்மேடு தாலுகா, சுத்தி தேயிலைக்காடு. அப்பா வழி, அம்மா வழி ரெண்டுமே கம்பத்துலேர்ந்து மலையேறினவங்க. தங்கமணிக்குப் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறை. ரெண்டு ஊருமே கேரளா. ரெண்டு ஊர்லயும் தெருவுல காதுல விழறது தமிழ். வேடிக்கை என்னன்னா, மாமியார் வீட்லேர்ந்து எங்க வீட்டுக்குப் போகணும்னா தமிழ்நாட்டுக்குள்ள பூந்துதான் போவோம். பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு, தேனி, கம்பம், அப்புறம் மலையேறி குமுளி. 1956 நவம்பர் 1-ஆம் தேதி போட்ட கோட்டை நாங்க ஒரே நாள்ல ரெண்டு தடவை தாண்டுவோம்.

பொட்டி தட்டுறது நியூஜெர்சில. இங்க பெட்ரோலுக்குப் பேரு 'கேஸ்'. 2022-ல ஒரு நாள் போன்ல "இங்க கேஸ் விலை ரொம்ப ஏறிடுச்சு அப்பத்தா"ன்னேன். "இங்க மட்டும் என்னடா, சிலிண்டர் ஆயிரத்தைத் தாண்டிருச்சு"ன்னாங்க. ரெண்டு பேரும் வேற வேற கேஸைப் பத்திப் பேசினோம், ஆனா புலம்பல் ஒண்ணுதான்.

சரி, கணக்குக்கு வருவோம். கொழிஞ்சாம்பாறைலேர்ந்து வண்டிப்பெரியார் போயிட்டு வர சுமார் 600 கிலோமீட்டர்னு வைங்க. மலைப்பாதை, ஏசி எல்லாம் சேர்த்து லிட்டருக்கு 15 கிலோமீட்டர். 40 லிட்டர் ஆச்சு. லிட்டர் 105 ரூபான்னா 4,200 ரூபா. டாலர் 85 ரூபான்னு போட்டா ஐம்பது டாலருக்குக் கொஞ்சம் கம்மி.

விலையேத்தம் எவ்வளவு கூட்டும்? 2022 மார்ச் 22-லேர்ந்து ஏப்ரல் 6 வரைக்கும், பதினாறே நாள்ல, பதினாலு தடவை ஏத்தி லிட்டருக்குப் பத்து ரூபா கூட்டினாங்க ஞாபகம் இருக்கா? நாடே அலறுச்சு. அந்தப் பத்து ரூபா இந்த 600 கிலோமீட்டருக்குச் சேர்த்த சுமை 400 ரூபா. அஞ்சு டாலருக்கும் கொஞ்சம் கம்மி. எடிசன்ல ஒரு மசால் தோசை வராது அதுக்கு.

"நாங்க சொந்த வண்டி இல்லீங்க, டாக்சி"ன்னு சொல்றவங்களுக்கு: கிலோமீட்டர் வாடகை, டிரைவர் பேட்டா, டோல் எல்லாம் சேர்த்துத் தாராளமா 12,000 ரூபான்னே வைங்க. நூத்திநாப்பது டாலர். நாலு பேர் ஃப்ளைட் டிக்கெட்டுக்கு ஆயிரக்கணக்குல அழுத குடும்பம் இந்த நூத்திநாப்பதுக்கு மட்டும் கால்குலேட்டரை எடுக்குது. அதே குடும்பம் மூணாறு ரிசார்ட்ல ஒரு ராத்திரிக்கு இதைவிடக் கூடக் குடுக்கத் தயார். மூணாறு மட்டும் என்ன சமவெளியிலயா இருக்கு? கொச்சிலேர்ந்து அங்க ஏறுறதுக்கும் அதே பெட்ரோல்தானே ஊத்தணும்?

அதாவது ரிசார்ட்டுக்குப் போற ரோட்ல பெட்ரோல் விலை ஏறறதில்ல. அப்பத்தா வீட்டுக்குப் போற ரோட்ல மட்டும் ஏறிடுது. இது என்ன மாயம்னு எனக்குப் புரியல.

மாயம் எல்லாம் ஒண்ணும் இல்ல. வெளிநாட்டுல இருக்கிற நமக்குப் பெட்ரோல் விலை ஒரு சாக்கு. லைன் வீட்டு பாத்ரூம் பிடிக்கல, குழந்தைங்களுக்கு வளைவுல வாந்தி வருது, கொசு கடிக்குது, சொந்தக்காரங்க 'எப்போ வீடு கட்டப்போறே'ன்னு நச்சரிக்கிறாங்க. இதையெல்லாம் வாயைத் திறந்து சொல்ல முடியாது. பெட்ரோல் விலைன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க.

இத்தோட நின்னாக்கூடப் பரவாயில்ல. "நீங்க வந்துடுங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்றோம் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கல.

எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம். ஊர் பேர் வேண்டாம், எங்க மலைதான். பையன் அமெரிக்காலேர்ந்து வந்து நெடும்பாசேரி ஏர்போர்ட் பக்கத்துல ஓட்டல்ல தங்கினான். அம்மா, அப்பா, கல்யாணமாகாத அத்தை மூணு பேரும் விடியக்காலை மூணு மணிக்கு வாடகை ஜீப் பிடிச்சு இறங்கினாங்க. மலை இறங்கி அவ்ளோ தூரம். கையில ஏலக்காய், குருமிளகு, ஒரு தூக்குல கோழிக்குழம்பு. பேத்திக்கு ஜெட் லேக், தூங்கிட்டே இருந்தா. முழிச்சிருந்த ரெண்டு மணி நேரம் பாத்தாங்க. இருட்டுறதுக்குள்ள மலையேறணும்னு மறுபடி ஜீப்ல ஏறிட்டாங்க. ஜீப் வாடகை யார் குடுத்தது? அந்தப் பெரியவர். பையன் கேட்டானாம், அவர்தான் "வேணாம்ப்பா, நீ செலவு பண்ணி வந்திருக்கே"ன்னுட்டாராம்.

கவனிங்க. பெட்ரோல் செலவு மிச்சம் ஆகல. அது நம்ம பாக்கெட்லேர்ந்து அவங்க பாக்கெட்டுக்கு மாறிடுச்சு. டாலர்ல சம்பாதிக்கிறவன் தப்பிச்சான், ரூபால பென்ஷன் வாங்கறவர் கட்டினார்.

அந்த ரூபா அங்க எப்படிப்பட்ட ரூபான்னு தெரியணும்னா 2015 செப்டம்பருக்குப் போங்க. மூணாறுல தேயிலை பறிக்கிற பெண்கள், பெரும்பாலும் நம்ம தமிழ்ப் பெண்கள், 'பெம்பிளை ஒருமை'ன்னு சேர்ந்து ரோட்டை மறிச்சு உட்கார்ந்தாங்க. தொழிற்சங்கத் தலைவர்களையே கிட்ட சேர்க்கல. அவங்க அப்போ வாங்கின தினக்கூலி 232 ரூபா. கேட்டது 500. போராட்டம் முடிஞ்சப்போ கிடைச்சது 301. அதுக்கப்புறம் கூலி ஏறியிருக்கு, இல்லேன்னு சொல்லல. ஆனா அவங்க அன்னைக்குக் கேட்ட, கிடைக்காமப் போன அந்த 500 ரூபாய்க்கே நூறு ரூபா விலைல அஞ்சு லிட்டர் பெட்ரோல்தான் வரும். ஒரு முழு நாள் முதுகுல மூட்டை கட்டி மலைச்சரிவுல நின்னதுக்கு அஞ்சு லிட்டர்! நமக்கு மசால் தோசை, அவங்களுக்கு ஒரு நாள்.

டீசல் கதை இன்னும் மோசம். கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்து கிராமங்கள்லேர்ந்து விடியறதுக்கு முன்னாடியே ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏத்திக்கிட்டு ஜீப்புகள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா மலையேறும். பாத்திருப்பீங்க, உள்ள எத்தனை பேருன்னு எண்ண முடியாது. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அன்னைலேர்ந்து டீசல் ஏறினா ஒண்ணு கூலில கை வைக்கணும், இல்ல ஜீப்ல இன்னும் ரெண்டு பேரைத் திணிக்கணும். வளைவுல அந்த ஜீப் கவுந்தா பேப்பர்ல 'அதிக ஆட்களை ஏற்றியதே காரணம்'னு ஒரு வரி. ஏன் ஏத்தினாங்கன்னு யாரும் எழுதறதில்ல.

பாலக்காட்டுப் பக்கமும் இதே கதைதான். ஒட்டன்சத்திரம் சந்தையிலயும் பொள்ளாச்சி சந்தையிலயும் ஏத்துற காய்கறிதான் கோபாலபுரம், வாளையாறு, மீனாட்சிபுரம் தாண்டி கேரளா அடுப்புக்குப் போகுது. லாரி வாடகை கூடினா எங்க அத்தை சாம்பார்ல முருங்கைக்காய் குறையும். அவங்க வீட்ல காரே கிடையாது, ஆனா டீசல் விலை சாப்பாட்டுத் தட்டுல தெரியும்.

இப்போ அரசாங்கங்களுக்கு வருவோம். வேண்டியது இருக்கு, விட மாட்டேன்.

பெட்ரோல் விலையை 2010 ஜூன்ல அவிழ்த்து விட்டாங்க. உலகச் சந்தைல ஏறினா ஏறும், இறங்கினா இறங்கும்னாங்க. 2014 நடுவுல கச்சா எண்ணெய் சரிய ஆரம்பிச்சது. 2014 நவம்பர்லேர்ந்து 2016 ஜனவரிக்குள்ள மத்திய அரசு கலால் வரியை ஒன்பது தடவை ஏத்துச்சு. பெட்ரோலுக்கு 11.77 ரூபா, டீசலுக்கு 13.47 ரூபா. இறங்கின விலை நம்ம கைக்கு வராம கஜானாவுக்குப் போச்சு. 2020-ல கொரோனாவால உலகமே வீட்டுக்குள்ள இருந்து, எண்ணெயை வாங்க ஆள் இல்லாம கிடந்துச்சு. அப்போ மார்ச்சுலயும் மே மாசத்துலயும் சேர்த்து பெட்ரோலுக்கு 13 ரூபா, டீசலுக்கு 16 ரூபா கலால் கூட்டினாங்க.

2017 ஜூன் 16-லேர்ந்து தினமும் விலை மாறும்னு அறிவிச்சாங்க. ரொம்ப நியாயம். ஆனா 2022 மே மாசம் கலால் குறைச்சப்புறம் பம்ப்புல இருந்த விலை 2024 மார்ச் 15-ல ரெண்டு ரூபா குறையற வரைக்கும் கிட்டத்தட்ட அசையவே இல்ல. நடுவுல கச்சா எண்ணெய் நூறு டாலருக்கு மேலயிருந்து எண்பதுக்குக் கீழ வரைக்கும் வந்துட்டுப் போச்சு. முன்னாடி பட்ட நஷ்டத்தை ஈடு கட்டணும்னு காரணம் சொன்னாங்க. 2023-24 நிதியாண்டுல மூணு பொதுத்துறை எண்ணெய் கம்பெனிகளும் சேர்ந்து 80,000 கோடி ரூபாய்க்கு மேல லாபம் காட்டினாங்க. ஈடு நல்லாவே கட்டிடுச்சு போல.

நான் இருக்கிற நாட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. அமெரிக்காவுல 2022 ஜூன்ல சராசரி விலை கேலனுக்கு அஞ்சு டாலரைத் தாண்டுச்சு. அதுதான் உச்சம். இங்கயும் எல்லாரும் கோடை விடுமுறையைச் சுருக்கினாங்க, புலம்பினாங்க. ஆனா அதே வருஷம் டிசம்பர்ல மூணேகால் டாலருக்குக் கீழ வந்துடுச்சு. ஏறினது மாதிரியே இறங்கவும் செஞ்சது. மத்திய அரசோட வரி கேலனுக்கு 18.4 சென்ட், 1993-லேர்ந்து அதே தொகை. அமெரிக்கா சொர்க்கம்னு சொல்ல வரல. பஸ், ரயில் விஷயத்துல இந்த ஊரைப் பாத்து அழலாம். சந்தை விலைன்னு சொன்னா ரெண்டு பக்கமும் அசையணும்னு மட்டும்தான் சொல்றேன்.

மாநிலங்களும் லேசுப்பட்டவங்க இல்ல. கேரளாவுல பெட்ரோலுக்கு 30.08 சதவீதம் விற்பனை வரி. சதவீதம்கிறதால டெல்லி விலையை ஏத்தினா திருவனந்தபுரத்துக்கும் தானா வரவு கூடும். அதுக்கு மேல 2023 ஏப்ரல் 1-லேர்ந்து லிட்டருக்கு 2 ரூபா சமூகப் பாதுகாப்பு செஸ். வயசானவங்க பென்ஷனுக்குன்னு சொன்னாங்க, நோக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு கையால பென்ஷன் குடுத்து, இன்னொரு கையால அதே கிழவி ஏறுற ஜீப்புல பிடுங்கினா அதுக்குப் பேரு என்ன? தமிழ்நாடு 2021 ஆகஸ்ட்ல பெட்ரோலுக்கு 3 ரூபா குறைச்சது. அதோட விளைவு, எல்லையில இருக்கிறவன் வாளையாறு தாண்டி இந்தப் பக்கம் வந்து டேங்க்கை நிரப்புறான், குமுளிக்காரன் கூடலூர், கம்பம் இறங்கும்போது நிரப்பிக்கிறான். கேரளாவுக்கு வரியும் போச்சு, எல்லைப் பக்கம் பம்ப் வெச்சிருக்கிறவனுக்கு வியாபாரமும் போச்சு.

மாநிலத்தைக் கேட்டா டெல்லியைக் கை காட்டுவாங்க. அதுலயும் உண்மை இருக்கு. 2021-ல பெட்ரோல் மேல மத்திய அரசு வாங்கின 32.90 ரூபால மாநிலங்களோட பங்கு வைக்க வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபா. மிச்சம் எல்லாம் செஸ், கூடுதல் வரின்னு பேரை மாத்தி டெல்லியே வெச்சுக்கிட்டது. டெல்லியைக் கேட்டா, ஜிஎஸ்டிக்குள்ள கொண்டு வர மாநிலங்கள் ஒத்துக்கலைம்பாங்க. கேரள உயர் நீதிமன்றம் இதைப் பரிசீலிக்கச் சொல்லி, 2021 செப்டம்பர் 17 லக்னோ கூட்டத்துல ஜிஎஸ்டி கவுன்சில் பேசினாங்க. பேசி, 'இதுக்கு இன்னும் நேரம் வரல'ன்னு எழுந்து போயிட்டாங்க. ஊர்ல பங்காளிச் சண்டைல கிணத்துத் தண்ணியை யாரும் இறைக்காம விட்ட கதைதான். இங்க ஒரு வித்தியாசம், பங்காளிங்க ரெண்டு பேரும் இறைக்கிறாங்க, தாகத்துல நிக்கிறது நம்ம ஜனம்.

விலை ஏறினா கார் இல்லாம போறதுக்கு ஒரு வழி இருக்கணும் இல்லையா? அதையும் பாருங்க. இடுக்கி மாவட்டத்துல இன்னைக்கும் ரயில் பாதையே கிடையாது. மூணாறுல நூறு வருஷத்துக்கு முன்னாடி குண்டளை பள்ளத்தாக்கு ரயில்னு ஒரு குட்டி ரயில் டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஓடுச்சு, 1924 வெள்ளத்துல அழிஞ்சது. திரும்பி வரவே இல்ல. மலைக்குக் கீழ மதுரை–போடி மீட்டர் கேஜை 2010 கடைசில அகலப்பாதைக்குன்னு நிறுத்தினாங்க. தேனிக்கு ரயில் வந்தது 2022 மே. போடிக்கு வந்தது 2023 ஜூன். அன்னைக்குப் பொறந்த குழந்தை ஏழாங்கிளாஸ் போயிடுச்சு! பொள்ளாச்சி–பாலக்காடு பாதை 2008 டிசம்பர்ல மூடி 2015 நவம்பர்லதான் திறந்தாங்க. கம்பம் வழியா லோயர் கேம்ப் வரைக்கும் ரயில் வேணும்னு எங்க ஜனம் எத்தனை வருஷமா மனு குடுக்குதுன்னு கணக்கே இல்ல. பெட்ரோல்ல வாங்கின வரில எவ்வளவு இந்த மலையடிவாரத்துக்குத் திரும்பி வந்துச்சுன்னு கேட்டா தேசத்துரோகின்னுடுவாங்க, வேண்டாம்.

"அரசாங்கத்தைத் திட்டியாச்சு, அப்புறம் நாங்க என்னய்யா பண்ணணும்?"னு கேக்கிறது காதுல விழுது. சொல்றேன்.

ஒண்ணு, பட்ஜெட் இடிச்சா ரிசார்ட்டை வெட்டுங்க, சொந்தக்காரங்க வீட்டை வெட்டாதீங்க. குறிஞ்சி அடுத்து 2030-ல பூக்கும்னு கணக்கு. மூணாறு எங்கயும் ஓடிப் போயிடாது. தொண்ணூறை நெருங்குற அப்பத்தாவுக்கு அப்படி ஒரு கணக்கு போட முடியுமா?

ரெண்டு, "நீங்க வந்துடுங்க"ங்கிற வார்த்தையை அகராதிலேர்ந்து எடுத்துடுங்க. முடியாத சூழ்நிலை, லீவே பத்து நாள்னா, வண்டியை நீங்க ஏற்பாடு பண்ணி, வாடகையை டிரைவர் கையில முன்னாடியே குடுத்துடுங்க. "வேணாம்ப்பா"ன்னு அவங்க சொல்றதை நம்பாதீங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க 'வேணாம்'னு சொன்னா அதுக்கு அர்த்தம் என்னன்னு உங்களுக்கே தெரியும்.

மூணு, ரயில்ல போங்க. பாலக்காடு–திருச்செந்தூர் வண்டி பொள்ளாச்சி, உடுமலை, பழனி, ஒட்டன்சத்திரம் வழியாத்தான் திண்டுக்கல் போகுது. திண்டுக்கல்ல இறங்கினா கம்பம், குமுளிக்கு பஸ் இருக்கு. போன தடவை நாங்க அப்படித்தான் போனோம். ஏசி இல்ல, பழனி மலையை ஜன்னல் வழியா பாத்தது, வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுல காப்பி குடிச்சது, கம்பத்துல திராட்சைக் கூடையோட ஒரு பாட்டி எங்க பொண்ணு மடியில ஒரு கொத்து வெச்சது, இதெல்லாம் அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. டாக்சில போன வருஷம் எது ஞாபகம் இருக்குன்னு கேட்டா 'ஐபேட்'ங்கிறா.

நாலு, அங்க போனா ஜீப் டிரைவர்கிட்ட அம்பது ரூபாய்க்குப் பேரம் பேசாதீங்க. சித்ரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் குமுளிலேர்ந்து ஜீப்ல போறவங்க, பேரம் பேசுறதுக்கு முன்னாடி அந்த ஜீப் மத்த நாள்ல யாரை ஏத்திக்கிட்டு மலையேறுதுன்னு ஒரு நிமிஷம் யோசிங்க.

பெட்ரோல் விலை ஏறினா கோபப்படுங்க, நல்லா கோபப்படுங்க. டெல்லி மேல படுங்க, திருவனந்தபுரம் மேல படுங்க, சென்னை மேல படுங்க. ஆனா அந்தக் கோபத்தோட பில்லைக் கொண்டு போய் வண்டிப்பெரியார் லைன் வீட்டு வாசல்ல உட்கார்ந்திருக்கிற ஒரு கிழவி கையில குடுக்காதீங்க. அவங்க ஏற்கெனவே கட்டிட்டாங்க.

பி.கு.: திண்டுக்கல்லேர்ந்து குமுளி போற பஸ்ல இடது பக்கம் உட்காரணுமா வலது பக்கமான்னு எங்க வீட்ல ஒரு பெரிய சண்டை நடந்துக்கிட்டிருக்கு. நான் வலது பக்கம்தான். அது தனிப் பதிவு :-)